பெரியவர்களுக்கு எதை வாசிக்கக் கொடுப்பது?

பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் எடுக்கவேண்டிய முடிவுகளில் முதன்மையானது, இன்று இவர்கள் கையில் எந்தக் காகிதத்தைக் கொடுப்பது என்பதுதான். எப்படிக் கற்பிப்பது என்பதற்குப் பயிற்சி இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. எதை வாசிக்கக் கொடுப்பது என்பதை மட்டும் ஒவ்வொரு வாரமும் ஆசிரியரே உட்கார்ந்து யோசித்துத் தீர்மானிக்க வேண்டும். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் புதுக் குடிவரவாளர்களுக்கான ஆங்கில வகுப்புகளில் நீண்டகாலம் கற்பித்தவள் நான். அங்கே எனக்கு ஐயமில்லாமல் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. ஒருவருடைய ஆங்கிலம் தொடக்க நிலையில் இருக்கலாம். அவருடைய அறிவும் அனுபவமும் பொறுப்புகளும் எப்போதோ முதிர்ந்துவிட்டவை. அவர் கையில் கொடுக்கும் காகிதம் இந்த இரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

எங்கள் வகுப்புகளை எல்லோரும் ‘லிங்க்’ என்றுதான் சொல்வார்கள். கனடிய மத்திய அரசு 1992இல் தொடங்கிய திட்டம் இது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும் அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் கட்டணம் இல்லை. சாவகச்சேரியிலிருந்து வந்த அம்மா, அலெப்போவில் தையற்கடை வைத்திருந்தவர், காபூலில் தாதியாக வேலை செய்தவர், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த சீனத்துப் பாட்டி, எரித்திரியாவில் லொறி ஓட்டிய இளைஞர் என்று ஒரே மேசையைச் சுற்றி இருப்பார்கள். கனடிய மொழி அளவுகோலில் மொத்தம் 12 படிகள். எனக்குப் பெரும்பாலும் வாய்த்தவை இரண்டாம், மூன்றாம், நான்காம் படி வகுப்புகள்.

அநேகமாக எந்த வகுப்பறை அலுமாரியைத் திறந்தாலும் குழந்தைப் புத்தகங்கள் இருக்கும். நல்ல மனத்தோடு யாரோ கொடுத்துவிட்டுப் போனவை. வசனங்கள் சின்னவை, படங்கள் பெரியவை, ஆகவே தொடக்க நிலைக்காரருக்கு ஏற்றவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முப்பது வருடம் கடை நடத்தி, ஐந்து பிள்ளைகளைக் கரைசேர்த்த ஒருவர் முன்னால் கரடிக்குட்டி தொப்பி தேடும் கதையை வைத்தால், மரியாதைக்காக அவர் வாசிப்பார். மறுநாள் வராமலும் விடுவார். இதில் மரியாதைக் குறைவோடு கற்பித்தல் கோளாறும் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஐந்து வயதுப் பிள்ளை, வாசிக்கத் தொடங்கும்போதே பல ஆயிரம் சொற்களைக் காதால் கேட்டு அறிந்திருக்கும். அந்தக் காதை நம்பித்தான் குழந்தைக் கதைகள் எழுதப்படுகின்றன. எதுகை மோனைக்காக வைத்த சொற்கள், தவளை பாய்வதற்கும் கதவு கிறீச்சிடுவதற்குமான ஒலிக்குறிப்புகள், எழுத்தாளர் விளையாட்டாக உருவாக்கிய சொற்கள் எல்லாம் வளர்ந்த மாணவருக்குப் பெரிய சுமை. வாழ்க்கையில் ஒருபோதும் தேவைப்படாத சொற்களுக்காக அவர் அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பார். தொலைபேசிக் கட்டணத்தில் இருக்கும் சாதாரணச் சொற்கள் அவருக்கு அதைவிட எளிதாக இருக்கும்.

நான் பெரும்பாலும் தொடங்குவது மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் துண்டுக் காகிதத்தில் இருந்து. அந்தச் சிறிய துண்டில் மருந்துக்கடையின் பெயர், டொக்டரின் பெயர், மருந்தின் பெயர், அளவு, எத்தனை முறை திரும்ப வாங்கலாம் என்ற எண், எப்படி உட்கொள்ள வேண்டும் என்ற ஒன்றிரண்டு வசனங்கள் அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஒருமுறை அமொக்சிசிலின் 500 மில்லிகிராம் மாத்திரைக்கான துண்டைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒன்று, முடியும்வரை எடுக்கவும் என்பது அதன் சாரம். நான் கேட்டவை மூன்றே கேள்விகள்: எத்தனை, எப்போது, எதுவரை?

முதல் இரண்டுக்கும் விரைவாகப் பதில் வந்தது. மூன்றாவதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடலாம் என்றார்கள் பாதிப் பேர். வீட்டில் அப்படித்தான் செய்கிறார்கள். அதுவரை வசனங்களை எழுத்துக்கூட்டித் தடுமாறிக்கொண்டிருந்த காபூல் தாதி எழுந்து பலகைக்கு வந்தார். மருந்தின் பெயரை எந்தத் தடங்கலும் இல்லாமல் உச்சரித்தார். தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், சிறு புள்ளிகளாகக் கிருமிகளை வரைந்து, சிலவற்றை அழித்து, மிச்சம் இருப்பவை பலம் பெற்றுத் திரும்பி வரும் என்று காட்டினார். பிறகு துண்டிலிருந்த கடைசி இரண்டு சொற்களின் கீழே கோடு போட்டார். அன்று வாசிப்பைக் கற்பித்தவர் அவர்தான். கரடிக்குட்டிக் கதையில் அவருக்கு அந்த இடம் கிடைத்திருக்காது. சரியான காகிதம் கிடைத்தால், மாணவர் தான் ஏற்கெனவே அறிந்ததைக் கொண்டு அறியாத மொழிக்குள் நுழைகிறார்.

கனடிய மொழி அளவுகோல் வாசிப்பை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அழைப்பிதழ், நன்றிக் கடிதம் போல மற்றவர்களோடு உறவாடும் எழுத்து. மருந்துத் துண்டு, சமையற்குறிப்பு போல அறிவுறுத்தும் எழுத்து. படிவம், கட்டணச் சிட்டை, கால அட்டவணை போலக் காரியம் நடத்தும் எழுத்து. செய்தி, கட்டுரை, கதை போலத் தகவல் தரும் எழுத்து. வாரத்தின் முடிவில் என் குறிப்புப் புத்தகத்தைப் பார்க்கும்போது இந்த நான்கும் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பேன். ஆசிரியருக்குப் பிடித்த ஒரு வகையே திரும்பத் திரும்ப வந்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு. கதை பிடித்த ஆசிரியரின் மாணவர்கள் கதை வாசிப்பார்கள், படிவம் நிரப்பப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். படிவம் மட்டும் படித்தவர்கள் வகுப்பு முடிந்ததும் வாசிப்பை விட்டுவிடுவார்கள்.

படிகள் கலந்த வகுப்பில் எல்லோருக்கும் ஒரே காகிதத்தைக் கொடுக்கலாம். வேலையை மாற்றினால் போதும். பலசரக்குக் கடைகளின் வாராந்த விளம்பரத் தாள் இதற்கு மிக நல்லது. இலவசமாகக் கிடைக்கும், வாராவாரம் புதிதாக வரும், வீட்டுச் செலவோடு நேரடித் தொடர்பு உள்ளது. முதற்படி மாணவர் வெங்காயத்தின் விலையைத் தேடி வட்டமிடுவார். இரண்டாம் படியில் இருப்பவர் கோழியின் விலை இறாத்தலுக்கா கிலோவுக்கா என்று பார்ப்பார். கனடாவில் இறாத்தல் விலையைக் கொட்டை எழுத்திலும் கிலோ விலையைப் பொடி எழுத்திலும் அச்சிடுவது வழக்கம். யாழ்ப்பாணத்தில் கிலோக் கணக்கில் வாங்கிப் பழகியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் படி மாணவர் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள், எந்த நாள்வரை இந்த விலை என்ற நிபந்தனைகளைத் தேடுவார். நான்காம் படியில் இருப்பவர் இரண்டு கடைத் தாள்களை ஒப்பிட்டு எங்கே வாங்குவது நல்லது என்று எழுதுவார். காகிதத்தை வெட்டிச் சுருக்கி எளிமையாக்க வேண்டிய தேவையே வரவில்லை. நிஜ உலகத்துக் காகிதத்தில் தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும் பழக்கம்தான் பெரிய திறமை.

எந்தக் காகிதம் அவசரமானது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் ஓர் அக்கா, மடித்து மடித்துக் கசங்கிப்போன ஒரு கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தார். வாடகை கட்டத் தவறினால் ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் கொடுக்கும் அறிவித்தல் அது. படிவத்தின் பெயர் ‘என் 4’. முகப்பிலேயே ஒரு திகதி இருந்தது. அந்தத் திகதிக்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று நினைத்துப் பெட்டிகளைக் கட்டத் தொடங்கிவிட்டார். அவருடைய அனுமதியோடு பெயரையும் முகவரியையும் தொகையையும் கறுப்பு மையால் மறைத்துப் பிரதி எடுத்தேன். ஆள் யார் என்று அடையாளம் காட்டக்கூடிய எதுவும் தாளில் இருக்கக் கூடாது. அனுமதி கிடைக்காவிட்டால் அந்தக் கடிதம் வகுப்புக்கு வரக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எல்லோருமாக அந்தப் படிவத்தை வரிவரியாக வாசித்தோம். முதலில் தலைப்பு, பிறகு திகதி, பிறகு தொகை. அதன் பிறகு எல்லோரும் தாண்டிப்போகும் பொடி எழுத்துப் பகுதிக்கு வந்தோம். குறித்த நாளுக்குள் நிலுவையைக் கட்டினால் அறிவித்தல் செல்லாது என்று அங்கே எழுதியிருந்தது. அந்த நாள்களில் மாத வாடகைக்காரருக்கு 14 நாள் அவகாசம் இருந்தது. வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் உத்தரவிடாமல் யாரையும் வெளியேற்ற முடியாது என்பதும் இருந்தது. “அப்ப ரீச்சர், நாங்கள் உடன எழும்பத் தேவையில்லையோ?” என்று கேட்டார் அக்கா. “நீங்கள் வாசிச்சதை நீங்களே சொல்லுங்கோ அக்கா” என்றேன். விரலை அந்த வரியில் வைத்து இன்னொரு முறை வாசித்தார். பக்கத்தில் இருந்த அலெப்போக்காரர் தன் தொலைபேசியில் அந்தப் பகுதியைப் படமெடுத்துக்கொண்டார்.

அப்படியே அசல் படிவத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. சட்ட விவரங்களை எளிய ஆங்கிலத்தில் எழுதிச் சிறு நூல்களாக வெளியிடும் ‘கிளியோ’ என்ற அமைப்பு ஒன்ராறியோவில் இருக்கிறது. முதலில் அதன் எளிய பிரசுரம், அடுத்து அசல் படிவம் என்று வரிசைப்படுத்தினால் மாணவருக்குப் பயம் தெளிந்துவிடும். விஷயம் முன்பே விளங்கியிருந்தால் கடினமான மொழியும் பாதி இளகிவிடும்.

குடியுரிமைப் பரீட்சைக்கான அரசாங்கக் கைநூல் இதற்கு நேர்மாறான உதாரணம். ‘டிஸ்கவர் கனடா’ என்ற அந்த நூல் 2009இல் வந்தது. 18 முதல் 54 வயது வரையுள்ள விண்ணப்பதாரர்கள் அதைப் படித்து, 20 கேள்விகளில் 15க்குச் சரியான பதில் எழுத வேண்டும். சட்டம் அவர்களிடம் கேட்கும் மொழித்தகுதி பேசுவதிலும் கேட்டு விளங்குவதிலும் நான்காம் படிதான். ஆனால் நூலின் நடையோ அந்தப் படியைவிட எவ்வளவோ உயரம். வரலாற்றுப் பெயர்களும் அரசியலமைப்புச் சொற்களும் பத்திக்குப் பத்தி வருகின்றன. நான்காம் படி மாணவருக்கு அதை முதற்பக்கத்திலிருந்து கொடுத்தால் மனப்பாடம் மட்டும்தான் நடக்கும். எனவே நான் நடுவிலிருந்து தொடங்குவேன். தேர்தலில் எப்படி வாக்களிப்பது, வாக்குச்சீட்டு எப்படி இருக்கும், நகரசபை எதற்குப் பொறுப்பு, மாகாணம் எதற்குப் பொறுப்பு என்ற பக்கங்கள் முதலில். மாணவர்கள் தங்கள் நாட்டில் வாக்களித்தவர்கள், சிலர் வாக்களிக்க முடியாமல் தவித்தவர்கள். அந்தப் பக்கங்களில் அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும். அந்தச் சூட்டிலேயே வரலாற்றுக்குப் போகலாம்.

தேவைக்கு வாசிப்பது ஒருபுறம் இருக்க, சந்தோஷத்துக்கு வாசிப்பதும் மாணவருக்குக் கிடைக்க வேண்டும். நிறைய வாசித்தால்தான் கண் வேகம் பிடிக்கும், ஒரே சொல் பல இடங்களில் எதிர்ப்பட்டு மனத்தில் தங்கும். இதற்குப் படிநிலை வாசிப்பு நூல்கள் வேண்டும். அந்த முறை வளர்ந்த இடங்களில் ஒன்று நம் துணைக்கண்டம். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் முதலில் வேண்டியது வாசிப்புத்திறன் என்று 1920களில் வாதிட்டார். அன்றைய பாடநூல்களில் புதுச்சொற்கள் நெருக்கமாக வந்து மாணவரைத் திணறடிப்பதைக் கண்டார். புதுச்சொற்களை இடைவெளிவிட்டு அறிமுகப்படுத்தி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ‘நியூ மெதட்’ வாசிப்பு நூல்களை எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட, ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்கள் கொண்ட பட்டியல் பிறகு பல பாடநூல்களுக்கு அடித்தளமானது. இன்று நூலகத்தில் கிடைக்கும் ஒக்ஸ்ஃபோர்ட் புக்வோர்ம்ஸ் வரிசையில் முதற்படி 400 அடிப்படைச் சொற்களுக்குள்ளும் ஆறாம் படி 2500 சொற்களுக்குள்ளும் நிற்பது அதே சிந்தனையின் தொடர்ச்சி.

கனடாவிலேயே பெரியவர்களுக்காக எழுதப்பட்ட ‘குட் ரீட்ஸ்’ என்றொரு வரிசை உண்டு. ஜோய் ஃபீல்டிங், ஃபிரான்சிஸ் இட்டானி போன்ற பெயர்பெற்ற நாவலாசிரியர்களே அதற்காக எளிய ஆங்கிலத்தில் குறுநாவல்கள் எழுதினார்கள். கொலை, காதல், பிரிவு, குடும்பச் சிக்கல் எல்லாம் இருக்கும். பஸ்ஸில் கையில் பிடித்திருந்தால் யாரும் பாடநூல் என்று நினைக்கமாட்டார்கள். வளர்ந்தவர்களுக்கு அது முக்கியம்.

எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி எளியது. ஒரு கதையைப் பிறர் துணையில்லாமல் நன்றாக விளங்கிக்கொள்ள அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் ஹூ, போல் நேஷன் இருவரும் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஒரு பக்கத்தில் 250 சொற்கள் இருந்தால் தெரியாதவை ஐந்துக்குள் இருக்க வேண்டும். மாணவரையே ஒரு பக்கம் வாசித்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்வேன். பக்கம் முடியும் முன்னே ஐந்து விரலும் மடங்கிவிட்டால் ஒரு படி கீழே இறங்குவோம். ஆசிரியர் துணையோடு வகுப்பில் வாசிக்கும் பகுதி இதைவிடக் கடினமாக இருக்கலாம். தனியாக இரவில் படுக்கையில் வாசிக்கும் நூல் அப்படி இருக்கக் கூடாது.

கணினி சொல்லும் வாசிப்பு மட்டத்தை அப்படியே நம்ப வேண்டாம். அதிகம் பயன்படும் ஃபிளெஷ்-கின்கெய்ட் சூத்திரம் 1975இல் அமெரிக்கக் கடற்படைக்காக உருவாக்கப்பட்டது. வசனத்தின் நீளத்தையும் சொல்லின் அசைகளையும் மட்டுமே அது எண்ணுகிறது. ‘ஹொஸ்பிட்டல்’ மூன்று அசை, வந்திறங்கிய முதல் நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ‘புட் ஓஃப்’ இரண்டே அசை, நான்காம் படியிலும் தடுக்கும். பனிச்சறுக்கோ ஹொக்கியோ தெரியாதவருக்கு அது பற்றிய மிக எளிய பத்தியும் இருட்டுத்தான். எழுத்தின் கடினத்தில் பாதி, வாசிப்பவருக்கு அந்த உலகம் எவ்வளவு பழக்கம் என்பதில் இருக்கிறது.

அந்தப் பழக்கமான உலகத்தை நூலாக்குவதற்கு ஒரு வழி, மாணவர் சொல்வதை ஆசிரியர் எழுதிக்கொடுப்பது. சாவகச்சேரி அம்மாவிடம் ஒடியற்கூழ் காய்ச்சும் விதத்தைக் கேட்டேன். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து வடிப்பது, நண்டும் இறாலும் மீன்துண்டும் போடுவது, பயற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்ப்பது, கடைசியில் பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் விடுவது என்று கையாலும் வாயாலும் சொல்லிக்கொண்டே போனார். அவருடைய வசனங்களைப் பெரிதாக மாற்றாமல் பலகையில் எழுதினேன். மறுநாள் அது எல்லோருக்கும் வாசிப்புப் பாடம். தன் சொற்களே அச்சில் வந்திருப்பதை அவர் தடங்கலில்லாமல் வாசித்தார். சீனத்துப் பாட்டி நண்டைப் பற்றிக் கேள்விக்குமேல் கேள்வி கேட்டார். அடுத்த வாரம் பாட்டி தன் ஊர்க் கஞ்சியைச் சொன்னார். இப்படிச் சேர்ந்த தாள்களைக் கட்டி அலுமாரியில் வைப்பேன். பின்னால் வருகிற மாணவர்கள் மிக விரும்பி எடுக்கும் புத்தகம் அதுதான்.

ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். என் மாணவர்களில் வன்னியின் கடைசிப் போரிலிருந்து உயிர் தப்பியவர்கள் இருந்தார்கள், அலெப்போவின் குண்டுவீச்சைக் கண்டவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் 11ஆம் திகதி நினைவு நாளுக்காகப் போர் பற்றிய பாடங்கள் ஆயத்தமாகக் கிடைக்கும். அவற்றைக் கொடுப்பதற்கு முந்தின நாளே என்ன வாசிக்கப்போகிறோம் என்று சொல்லிவிடுவேன். வேறொரு தாளும் மேசையில் இருக்கும். எதை எடுப்பது என்பது அவர்கள் விருப்பம். ஏன் என்று கேட்பதில்லை. சிலர் போர்ப் பாடத்தையே எடுத்து, அதைப் பற்றி எழுதவும் விரும்பினார்கள். அந்த வாசலைத் திறப்பதா மூடுவதா என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும்.

நல்ல வாசிப்புப் பொருளைத் தேர்வது என்பது கடைசியில் எதிரே இருப்பவரைத் தெரிந்துகொள்வதுதான். அவர் என்ன வேலை செய்தார், எந்தக் கடிதத்துக்குப் பயப்படுகிறார், எதைப் பற்றிப் பேச வாய் திறக்கிறார் என்று கேட்காமல் அலுமாரியைத் திறக்கக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் அம்மாவோ அப்பாவோ ஆங்கிலம் படிக்க ஆசைப்பட்டால், உங்கள் சிறுவயதுப் படப்புத்தகத்தை அவர்களிடம் நீட்டாதீர்கள். அவர்கள் பெயருக்கு வரும் கடிதத்தை நீங்களே உடைத்து, வாசித்து, பதில் எழுதி முடித்துவிடாதீர்கள். கடிதத்தை அவர்கள் கையில் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். யார் அனுப்பியது, என்ன கேட்கிறார்கள், எந்த நாளுக்குள் என்ற மூன்றையும் அவர்களே தேடிச் சொல்லும்வரை பொறுத்திருங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பெரியவர்களுக்கான எளிய ஆங்கில நூல்கள் இருக்கும் தட்டைக் காட்டுங்கள். எதை எடுப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.